கல்யாணக் குதிரையும் கடைசிக் கோடும்

முதலியார்பேட்டையில் கோவிந்தராசுவின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்வதில்லை. "நேரா போங்க, ஒரு வெள்ளக் குதிர நிக்கும், அதான் வீடு" என்பார்கள். குதிரை நிற்குமா என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. நிற்பதுதான் அதன் தொழில்.

பட்டு என்று பெயர். பதினொரு வருடமாக மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்வருகிற பெண் குதிரை. காதடியில் பத்தாயிரம் வாலா வெடித்தாலும் கண்ணைச் சிமிட்டாது. யாராவது கேமராவையோ போனையோ தூக்கிவிட்டால் போதும், அப்படியே நின்று கழுத்தை நிமிர்த்திக் காட்டும்; படம் எடுத்தவர் கையை இறக்கும்வரை ஓரடி நகராது. அதன்மேல் உட்கார்ந்த மாப்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. மண்டப வாசலில் வாழைமரமும் தோரணமும் கண்ணில் பட்டால் தானாக நின்றுவிடும். பெண்கள் ஆரத்தி சுற்றிக் கொட்டுவார்கள், மாப்பிள்ளை இறங்குவார், ஊர்வலம் மொத்தமும் உள்ளே போய்விடும். கோவிந்தராசு குதிரையைத் திருப்பிப் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போவார். பதினொரு வருடத்தில் பட்டு எந்த மண்டபத்துக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை.

கோவிந்தராசுவும் ஒரு விஷயத்தில் அப்படித்தான். ஐம்பத்தோரு வயது, இத்தனை வருடமாகக் குதிரைக்காரர், ஆனால் பட்டுவின் முதுகில் ஒருநாளும் ஏறியதில்லை. கேட்டால், "அது மாப்பிள்ள ஒக்கார்ற எடம், நமக்கு எதுக்கு" என்பார். அவர் இடம் குதிரைக்கு முன்னால், தரையில். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் முகத்தைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடந்துபோவார். அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டே வரும். புதுச்சேரித் தெருக்களில் பாதியை அவர் முதுகு பார்த்த அளவுக்கு அவர் கண் பார்த்திருக்காது.

இப்படிப்பட்ட மனிதரைப் போய் ஒரு குதிரையேற்றப் போட்டியில் இறக்கிவிட்டது விதி என்று சொல்லலாம். அவர் மனைவி தனம், விதி இல்லை, மனைக்காரர் என்பாள். வீட்டுக்குப் பின்னால் பட்டு நின்ற காலிமனையை அதன் சொந்தக்காரர் அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார். ஆவணி பிறப்பதற்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. மற்றபடி முதலியார்பேட்டையில் ஒரு ஸ்கூட்டி நிறுத்தவே இடமில்லை. குதிரைக்கு எங்கே போவது?

சேதி தெரிந்து ஒரு தரகர் வந்தார். தெற்கே ஏதோ ஒரு கடற்கரையில் ஆட்களை ஏற்றிச் சுற்றுவதற்குக் குதிரை தேடிக்கொண்டிருந்தார்கள். தரகர் பட்டுவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். "வயசு ஏறிப்போச்சு. இருந்தாலும் ஒரு ரெண்டு வருஷம் மணல்ல ஓடும்" என்றார். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று கோவிந்தராசு கேட்கவில்லை. தரகரும் சொல்லவில்லை. அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை.

தனத்துக்குக் குதிரையைக் கண்டால் ஆகாது என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. அவள் வளர்த்த முருங்கையை அது மொட்டையடித்த நாளெல்லாம் அவள் பேசிய பேச்சு அப்படி. அந்தத் தனம்தான் இரண்டாம் நாள் தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அத அனுப்பறதா இருந்தா என்னையும் அதே லாரியில ஏத்திவுட்டுடுங்க. நீங்க மட்டும் இங்க நிம்மதியா இருங்க."

இந்த நேரத்தில்தான் நிர்மலாவிடமிருந்து போன் வந்தது. ஊருக்கு வடக்கே, பிள்ளைச்சாவடிக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி, முந்திரித் தோப்புக்கு நடுவில் குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறவர். அவர் தம்பி மகன் கல்யாணத்துக்குப் பட்டுதான் போயிருந்தது. பட்டாசுக்கு நடுவில் அது நின்ற நிலையை நிர்மலா மறக்கவில்லை.

"பிள்ளைங்க ஏறிக் கத்துக்கறதுக்கு அந்த மாதிரி ஒரு குதிரைதான் எனக்கு வேணும் கோவிந்தராசு. லாயத்துல ஓர் இடம் காலியா இருக்குது. நீங்களும் கூடவே வந்துடுங்க, குதிரைங்களப் பாத்துக்க ஆள் தேவைதான். ஆனா ஒண்ணு. எங்க கமிட்டில ஒரு விதி இருக்குது. போட்டியில ஒரு தடவையாவது முழுசா முடிச்ச குதிரையத்தான் பிள்ளைங்களுக்குக் குடுக்கலாம்."

"என்னா போட்டி மேடம்?"

"ஒர்க்கிங் எக்விடேஷன்."

கோவிந்தராசு போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். மாற்றினாலும் அது அதே வார்த்தையாகத்தான் இருந்தது. நிர்மலா பொறுமையாக விளக்கினார். போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் மாடு மேய்க்கிறவர்கள் குதிரைமேல் இருந்தபடியே செய்கிற வேலைகள்தான் போட்டி. கேட்டைத் திறந்து மூடவேண்டும், பாலம் ஏறி இறங்கவேண்டும், குடத்தைத் தூக்கித் திரும்ப வைக்கவேண்டும், கழியால் வளையத்தை எடுக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து பத்துவரை மதிப்பெண்.

"ஜெயிக்கணும்னு இல்ல. விலக்கு வாங்காம, அதாவது பாதியில வெளியேத்தப்படாம, கடைசிக் கோட்டத் தாண்டிட்டா போதும். கடைசி இடம் வந்தாலும் மார்க் தாள் முழுசா இருக்கணும்."

பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டிருந்த தனம், "ஜெயிக்க வேணாம், முடிச்சா போதும்னா நம்ம குடித்தனம் மாதிரிதான். நீங்க செஞ்சிடுவீங்க" என்றாள்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து ஆறு வாரம், ஐம்பத்தோரு வயதில் கோவிந்தராசு தன் குதிரைமேல் தானே ஏறக் கற்றுக்கொண்டார். முதல் தடவை ஏறி உட்கார்ந்தபோது பட்டு தலையைத் திருப்பி அவரை ஒருமுறை பார்த்தது. முன்னால் கயிறு பிடிக்க யாரும் இல்லையே என்று தேடியதா, மாப்பிள்ளைக்கு இவ்வளவு வயதாகிவிட்டதே என்று யோசித்ததா, தெரியவில்லை. அரைமணி நேரம் நகரவில்லை. மேலே இருப்பவன் போகச் சொல்வான் என்பது அதற்கு அன்றுவரை தெரியாது. எந்த மாப்பிள்ளையும் சொன்னதில்லை.

விதிகளை நிர்மலா தமிழில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். தனம் அதைச் சமையலறைச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கோவிந்தராசுவுக்குப் படிப்பதென்றால் கொட்டாவி வரும். தனத்துக்கு அப்படியில்லை, ஒரு வாரத்தில் நான்கு பக்கமும் தலைகீழ்ப் பாடம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் உட்கார்ந்ததும் கேள்வி ஆரம்பிக்கும். சரியான பதில் வரும்வரை மீன் தட்டுக்கு வராது.

"மூணாவது தடைய வுட்டுட்டு நாலாவதுக்குப் போனா?"

"விலக்கு."

"ஏன்?"

"வரிசை மாறக்கூடாது."

"தாலி கட்டறதுக்கு முன்னாடி மெட்டி போட்டா ஒத்துக்குவாங்களா? அதான். செவப்புக் கொடி எந்தப் பக்கம் இருக்கணும்?"

"வலப்பக்கம். வெள்ள எடப்பக்கம்."

"ஒரே தடையில குதிர எத்தினி தடவ மொரண்டு பண்ணலாம்?"

"ரெண்டு. மூணாவதுல விலக்கு. மீனப் போடு தனம்."

"இருங்க. குதிரைய வுட்டு எறங்கிட்டா?"

"விலக்கு."

"ஒரே எடத்துல அறுவது விநாடிக்கு மேல நின்னுட்டா?"

"விலக்கு."

"வெளிய இருந்து யாராவது கொரல் குடுத்து ஒதவி பண்ணா?"

"விலக்கு" என்ற கோவிந்தராசு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "இந்த விதி உனக்காகவே எழுதினது மாதிரி இருக்குது."

தனம் தலை மீனாக இல்லாமல் வால் மீனாகப் போட்டாள்.

பயிற்சியில் பெரிய தொல்லை குடம்தான். மேசைமேல் தண்ணீர்க் குடம் இருக்கும். குதிரைமேலிருந்தே அதைத் தூக்கிக் காட்டிச் சிந்தாமல் திரும்ப வைக்கவேண்டும். ஒரு பாத்திரம் கைக்கு வந்து, எதிரே குதிரையும் நிற்கிறது என்றால் கோவிந்தராசுவின் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முதல் நாள் குடத்தைத் தூக்கியவர் இடமிருந்து வலமாக மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரைப் பட்டுவின் காலடியில் கொட்டிவிட்டார். பட்டு திருப்தியாகத் தலையாட்டியது. நிர்மலா நெற்றியைப் பிடித்துக்கொண்டு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

போட்டி ஆடி மாதக் கடைசி ஞாயிறு. முகூர்த்தம் இல்லாத மாதம், பட்டுவுக்கும் வேலை கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் தடைகளை அடுக்கி வைக்க எல்லோரும் உதவிக்கு வந்திருந்தார்கள். போட்டிக்கு முன்னால் தடைகளைக் குதிரைக்குக் காட்டினால் அதற்கும் விலக்கு உண்டு. எனவே பட்டுவைப் பின்பக்க லாயத்தில் கட்டிவிட்டுக் கோவிந்தராசு மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். பீப்பாய், பாலம், கேட்டு, மணி எல்லாம் கச்சிதமாக இருந்தன. முடிவுக் கோட்டில் மட்டும் இரண்டு குச்சி, ஒன்றில் சிவப்புத் துணி, ஒன்றில் வெள்ளைத் துணி. அவருக்கு அது பொறுக்கவில்லை. இத்தனைபேர் வந்து போகிற ஒரு விசேஷம், வாசல் இப்படி மூளியாகவா இருப்பது? தன் குதிரைக்கு இடம் தருகிறேன் என்று சொன்ன புண்ணியவதிக்கு இதைக்கூடவா செய்யக்கூடாது?

பந்தல் அலங்காரம் செய்கிற சின்னக்கண்ணு அவருக்கு இருபது வருடச் சிநேகிதர். ஆடியில் கை சும்மா இருந்த மனிதர். கூப்பிட்ட ஒருமணி நேரத்தில் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார். குலை தள்ளிய வாழைமரம் இரண்டு, தென்னங்குருத்துத் தோரணம், சாமந்திச் சரம், பட்டையாக ஒரு 'நல்வரவு' பலகை. சாயங்காலத்துக்குள் முடிவுக் கோடு ரெட்டியார்பாளையத்துப் பெரிய மண்டபம் ஒன்றின் வாசல்போல ஆகிவிட்டது. நிர்மலா கைதட்டினார். தனம்கூட, "ஒருநாளாவது உருப்படியா ஒண்ணு செஞ்சீங்க" என்றாள். கோவிந்தராசு அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். மனிதனுக்கு அதற்கு ஒரு நண்பரும் ஒரு குட்டியானை வண்டியும் போதும்.

ஞாயிறு காலையில் நடுவர் வந்தார். தெய்வசிகாமணி முசே. ஐயா என்பதற்குப் புதுச்சேரியில் முசே, சிப்பாய்க்குச் சொல்தா; இவர் பழைய சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். குதிரை விஷயமெல்லாம் அங்கே கற்றது. வெள்ளைச் சட்டை, வைக்கோல் தொப்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற நேரான முதுகு. குடைக்கடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மதிப்பெண் எழுத ஒரு பெண். முசே சொல்வதை மட்டும் எழுதவேண்டும், மறுபேச்சுக் கூடாது என்பது அவளுக்குள்ள விதி.

ஒன்பது பேர் கலந்துகொண்டார்கள். நான்காவதாக வந்த பாலாஜி என்கிற இளைஞனின் குதிரை காற்றாய்ப் பறந்தது. எல்லாவற்றிலும் எட்டு, ஒன்பது. பறந்த வேகத்தில் நான்காவது தடையை விட்டுவிட்டு ஐந்தாவதற்குள் நுழைந்துவிட்டான். முசே மணியை அடித்தார். "விலக்கு. மெர்சி" என்றார். நன்றி என்கிற அந்த மெர்சியைக் கேட்டதும் கோவிந்தராசு பட்டுவின் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பறக்கிற குதிரைக்கே இந்தக் கதி என்றால் நிற்கிற குதிரைக்கு?

கடைசியாக அவர் முறை. வேலிக்கு அப்பால் தனம் முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளை அந்தக் கோலத்தில் அவர் பார்த்ததில்லை. ஒருவிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

நடுவருக்கு வணக்கம் வைத்துவிட்டுத் தொடங்கினார். முதலில் இரண்டு பீப்பாயைச் சுற்றி எட்டுப் போடவேண்டும். பட்டு கோயில் பிரகாரம் சுற்றுகிற நிதானத்தில் சுற்றியது. "ஐந்து" என்றார் முசே. அடுத்தது மரப்பாலம். ஏறப்போகிற நேரத்தில் வேலியோரம் ஒரு அப்பா தன் பிள்ளைக்குக் காட்டுவதற்காகப் போனைத் தூக்கினார். பட்டு நின்றது. கழுத்தை நிமிர்த்தியது. முசே ஒரு விரலைக் காட்டினார். ஒரு முரண்டு கணக்காயிற்று. கோவிந்தராசு நாக்கைக் கடித்துக்கொண்டார். 'போன எறக்குய்யா' என்று சொன்னால் அது வெளி உதவி கேட்டதாக ஆகிவிடும். அந்த அப்பாவோ படமா வீடியோவா என்று தடவிக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் கை இறங்கியது. படம் நன்றாக வந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு பட்டு பாலம் ஏறியது. நான்கு.

கேட்டைத் திறந்து மூடியதற்கு ஆறு. கழிகளுக்கிடையே நெளிந்து போனதற்கு மூன்று. பட்டுவுக்கு நெளிவுசுளிவு தெரியாது, அதன் எசமானரைப்போல. ஐந்தாவது, மணி. இரண்டு பக்கமும் கட்டைகள் வைத்த குறுகலான பாதை. உள்ளே போய்க் கடைசியில் தொங்கும் மணியை அடித்துவிட்டு, கட்டையில் படாமல் அப்படியே பின்னால் வரவேண்டும். காலையிலிருந்து மற்றக் குதிரைகளெல்லாம் தடுமாறியது இங்கேதான். பட்டுவுக்கோ இது பழகிய பாடம். ஊர்வலத்துக்கு முன்னால் சரவெடி விரிக்கும்போதெல்லாம் கோவிந்தராசு இரண்டு விரலால் அதன் கழுத்தைத் தட்டி, "பின்ன வாம்மா" என்பார். பதினொரு வருடப் பழக்கம். இப்போதும் இரண்டு விரலால் தட்டினார். நூல் பிடித்ததுபோல் வந்தது. முசே தொப்பியைச் சற்று மேலே தள்ளிக்கொண்டு, "ஒன்பது" என்றார். அன்றைக்கு யாரும் அந்தத் தடையில் ஆறைத் தாண்டியிருக்கவில்லை.

குடத்தைத் தூக்கியதும் கை தன்னாலே சுற்றத் தொடங்கியது. தனம் முறைத்த முறைப்பில் பாதிச் சுற்றில் நின்றது. முறைப்பது வெளி உதவியில் சேருமா என்று விதியில் எழுதவில்லை. ஏழு. கழியால் வளையத்தை எடுக்கிற கடைசித் தடையில் வளையம் கீழே விழுந்தது. நான்கு. விழுந்தால் மதிப்பெண் குறையும், விலக்கு இல்லை. ஏழு தடையும் முடிந்தது. இனி முடிவுக் கோட்டைத் தாண்டவேண்டியதுதான். கோவிந்தராசுவுக்கு மனசு லேசாகிப் பாட்டு வரும்போல இருந்தது. குதிரையை இடப்பக்கம் திருப்பினார்.

எதிரே வாழைமரம். தோரணம். சாமந்திச் சரம் ஆடிக்காற்றில் ஆடியது. நல்வரவு.

பட்டு நின்றது.

அவர் குதிகாலால் மெல்லத் தட்டினார். நகரவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினார். பட்டு காதைப் பின்னால் திருப்பியது, அவ்வளவுதான். ஆரத்தி எடுக்க வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை, மாப்பிள்ளை ஏன் அவசரப்படுகிறார் என்ற தோரணை. முன்னங்காலை அழுத்தமாக ஊன்றிக்கொண்டது. அந்த நிற்பு அவருக்குத் தெரியும். அதை அப்படி நிற்கப் பழக்கியவரே அவர்தான். இனி இறங்கினால்தான் நகரும், இறங்கினால் விலக்கு.

முசே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். "பத்து" என்றார்.

நிர்மலாவுக்கு அப்போதுதான் வாழைமரத்தின் விவரம் புரிந்தது. சின்னக்கண்ணு வேலியோரத்தில் நின்று, தான் கட்டிய தோரணத்தைத் தானே பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். பிய்த்து எறியலாம், ஆனால் அதுவும் வெளி உதவி. தனத்தின் வாயிலிருந்த முந்தானை பாதிக்குமேல் உள்ளே போயிருந்தது.

"இருபது."

கோவிந்தராசுவுக்குத் தரகர் பட்டுவின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தது கண்முன் வந்தது. மணல் வந்தது, வெயில் வந்தது. தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ரெண்டு குச்சி நட்டிருந்தாங்களேடா, அது பாட்டுக்கு நின்னுட்டுப் போயிருக்குமே, உனக்கு எதுக்கு வாழமரம்?

"முப்பது."

பட்டுவின்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அதுமேல் என்ன தப்பு? மண்டப வாசலில் நிற்கவேண்டும், உள்ளே போகக்கூடாது. பதினொரு வருடமாக அவர் சொல்லிக்கொடுத்ததை அது ஒரு நாள்கூட மீறியதில்லை. முப்பத்தைந்து விநாடி ஆகியும் அவர் சொல்லைத்தான் காப்பாற்றிக்கொண்டு நின்றது. அதை நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தார். அந்தக் கை இரண்டு விரலோடு பாதியில் நின்றது.

"நாற்பது" என்றார் முசே.

வாசலில் வேலை முடிந்தபின் பட்டு என்ன செய்யும்? திரும்பும். கோவிந்தராசு கடிவாளத்தைப் பக்கவாட்டில் இழுத்தார். பட்டு உடனே திரும்பியது. இதைத்தானே எதிர்பார்த்தேன் என்பதுபோல் சுலபமாக. இப்போது அதன் முகம் மைதானத்தைப் பார்த்தது, வால் வாழைமரத்தைப் பார்த்தது. எதிரே வாசலும் இல்லை, தோரணமும் இல்லை. அவர் குனிந்து இரண்டு விரலால் கழுத்தைத் தட்டினார்.

"பின்ன வாம்மா."

பட்டு பின்னால் ஓரடி வைத்தது. இன்னோரடி. "ஐம்பது" என்று சொல்ல வாயெடுத்த முசே அந்த எண்ணைப் பாதியில் விட்டுவிட்டார். நூல் பிடித்ததுபோல் நேராக, வாலால் சாமந்திச் சரத்தை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு வாழைமரத்துக்கும் நடுவே பட்டு பின்னால் நடந்து முடிவுக் கோட்டைத் தாண்டியது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு கல்யாண வாசலுக்குள் நுழைந்துவிட்டது அதற்கே தெரியாது. கோவிந்தராசு வணக்கம் வைத்தார்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் முசேயைப் பார்த்தார்கள். அவர் எழுந்து கோட்டுக்கு வந்து, குளம்புத் தடங்களைக் குனிந்து பார்த்தார்.

"சிவப்புக் கொடி வலப்பக்கம் இருக்கணும். இவர் தாண்டும்போது சிவப்பு இவரோட இடது கைப்பக்கம் இருந்தது" என்றார். "தப்பான பக்கமா தாண்டினா..."

அவர் முடிப்பதற்குள் வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. முந்தானை கையில் இருந்தது, பாதி ஈரம்.

"முசே, ஒரு கேள்வி. கோட்டத் தாண்டியாச்சு. வணக்கம் வெச்சாச்சு. இப்ப நான் வாயத் தொறந்தா அது வெளி ஒதவியா?"

முசே யோசித்தார். "இல்லைம்மா. ஓட்டம் முடிஞ்சிடுச்சு."

"அப்ப சொல்றேன். மூணாம் பக்கம், மேல இருந்து நாலாவது வரி. 'குதிரை போகிற திசைக்கு வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் வெள்ளை.' போற திசைன்னுதான் போட்டிருக்குது. ஓட்டறவரு மூஞ்சி இருக்கற திசைன்னு போடல. குதிர எந்தத் திசையில போச்சு? மைதானத்துல இருந்து வெளிய. அந்தத் திசைக்குச் செவப்பு எந்தப் பக்கம்? நீங்களே நின்னு பாருங்க. மூஞ்சி எங்க இருந்தா என்னாங்க? இந்த மனுசன் ஊருல பாதித் தெருவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் நடந்திருக்காரு, போற எடத்துக்குப் போய்ச் சேரலியா?"

நிர்மலா தாளைப் புரட்டினார். மூன்றாம் பக்கம், நான்காவது வரி. முசே தாளை வாங்கி இரண்டுமுறை படித்தார். கோட்டின் முன்னால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று வலக்கையை நீட்டினார். விரல் சிவப்புக் கொடியைத் தொட்டது. மறுபடி உள்ளே திரும்பி நின்று பார்த்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றினார்.

"இத்தனை வருஷத்துல யாரும் பின்னால நடந்து முடிச்சு நான் பாத்ததில்ல. முடிக்கக்கூடாதுன்னும் எங்கயும் எழுதல." எழுதுகிற பெண்ணைப் பார்த்து, "முப்பத்தெட்டு. முழுத் தாள்" என்றார். பிறகு நிர்மலாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷத்துக்குள்ள ஒரு வரி சேர்த்துடுங்க."

எழுபதுக்கு முப்பத்தெட்டு. விலக்கு வாங்கிய பாலாஜியைத் தள்ளினால் எட்டுப் பேரில் எட்டாம் இடம். கோவிந்தராசு குதிரையை விட்டு இறங்கி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதார். தனம் அந்த மதிப்பெண் தாளை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் இரண்டு தலை மீனும் அவர் தட்டுக்கே வந்தன.

ஆவணி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது பட்டுவைப் பள்ளி லாயத்துக்குக் கூட்டிவந்தார்கள். முசேயும் பார்க்க வந்திருந்தார். புதிதாக வருகிற குதிரைக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று நிர்மலா லாயத்து வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார். நல்ல எண்ணம்தான். யாருக்குத்தான் நல்ல எண்ணம் இல்லை? பட்டு தோரணத்தைப் பார்த்தது, நின்றது.

கோவிந்தராசு சிரித்துக்கொண்டே அதைத் திருப்பப் போனார். "இருங்க" என்றாள் தனம். பையிலிருந்து தட்டை எடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துப் பாட்டிலில் கொண்டுவந்த சிவப்பு நீரை அதில் ஊற்றி, நடுவில் வெற்றிலைமேல் கற்பூரத்தை ஏற்றினாள். வீட்டிலிருந்து தயாராகத்தான் வந்திருந்தாள்.

"பதினோரு வருசமா கண்டவனுக்கெல்லாம் ஆரத்தி எடுக்கறத இது பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்துது. ஒருத்தியாவது இதுக்கு எடுத்தாளா?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். மூன்றுமுறை சுற்றினாள். பட்டுவின் நெற்றியில் பொட்டு வைத்தாள். நீரைக் காலடியில் கொட்டினாள்.

கொட்டியதும் பட்டு வழக்கம்போல் தன்னாலே திரும்பியது. தன் வேலை முடிந்தது, இனிச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. கோவிந்தராசு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து வாசலுக்கு நேராக நிறுத்தினார்.

"எங்க போற? இது நீ வந்த எடம்" என்றார்.

அதன் முகத்தைப் பார்த்தபடி பின்னால் நடக்கத் தொடங்கினார், எப்போதும்போல. தோரணத்துக்கு அடியில் அவர் முதுகு முதலில் நுழைந்தது. பட்டு வாசலைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தது.

"வலது கால எடுத்து வெச்சு உள்ள வா" என்றாள் தனம்.

"முன் வலதா, பின் வலதா?" என்று முசே கேட்டார். விதி என்றால் தெளிவாக இருக்கவேண்டும் அவருக்கு.

பட்டு உள்ளே போயிற்று. முதலில் வைத்தது என்னவோ இடது கால்தான். அதற்காக யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.